இல்லாதவனுக்கும் ஒரு பாடு

கடன் கொடுப்பவர்களின் செலவில்தான் நான் முதன்முதலாகக் கடல் தாண்டினேன். தாண்டி வந்து பார்த்தால் இந்தக் கரையிலும் இறால், இந்தக் கரையிலும் உப்புக்காற்று, இந்தக் கரையிலும் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே கிழிந்த வலை பொத்துகிற ஆம்பிளைகள். இதற்கா கடவுச்சீட்டு எடுத்தேன் என்று முதல் நாள் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

நான் இலங்கைக்காரி. சிலாபத்துக்கு வடக்கே ஒரு களப்போரக் கிராமம். இங்கே பழவேற்காட்டில் ஏரி என்று சொல்வதைத்தான் நாங்கள் களப்பு என்போம். எங்கள் மீனவர் சங்கத்துக்கு நான் செயலாளர். வாய் கொஞ்சம் நீளம் என்பதால்தான் அந்தப் பதவி கிடைத்தது என்று ஊரில் சொல்வார்கள். பொய்யில்லை.

எங்கள் நாடு கையை விரித்த வருடத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கேஸ் சிலிண்டரை வீதியோரம் வரிசையில் வைத்துச் சங்கிலியால் பிணைத்துவிட்டுப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தோம். பிள்ளைக்குப் பால்மா இல்லை. படகுக்கு மண்ணெண்ணெய் இல்லை. மண்ணெண்ணெய் இல்லாத படகை வைத்துக்கொண்டு என்ன செய்வது, கோழியா வளர்ப்பது? அப்போதுதான் உலகத்துக்கே கடன் கொடுக்கிற பெரிய இடங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களைத் திட்டலாம் என்றால் அவர்கள் வந்த பிறகுதான் கேஸும் வந்தது. வாழ்த்தலாம் என்றால் கரண்ட் பில்லைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

அந்த வருடம்தான் என்னுடையவர் குவைத்துக்குப் போனார். பெயர் தவராசா; வீட்டில் தவம். மீன் பிடித்த கை, அங்கே ஒரு குளிர்க்கிடங்கில் யாரோ பிடித்த மீனை அடுக்குகிறது. இந்த மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவதா, திரும்பி வருவதா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

அவர் திரும்பி வந்தால் என்ன தொழில்? அதுதான் கேள்வி. களப்புத் தண்ணீர் கடலுக்கு இறங்கும் ஓட்டத்தில் கழி நட்டு வலை கட்டினால் இறால் தானாக வந்து விழும். அப்படிப்பட்ட இடங்கள் கொஞ்சம்தான். அதனால் ஆளுக்கொரு நாள் என்று முறை வைத்திருக்கிறோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். தவத்துக்கும் ஒரு பாடு உண்டு. இப்போது கடன் கொடுக்கிறவர்கள் எங்கள் களப்பின் வாயைத் தோண்டி ஆழமாக்கித் தரப் போகிறார்கள். நல்ல காரியம். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை: ஊரில் இருந்து தொழில் செய்கிறவர்களுக்கு மட்டும்தான் பாடு, மற்றப் பெயர்களை வெட்ட வேண்டும். வெளிநாடு போனவர்கள் எங்கள் ஊரில் பத்துப் பன்னிரண்டு பேர். நான் திரும்பிப் போனதும் வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம், அன்று முடிவு.

பெயரை வெட்டினால் அவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். எனக்குத் தெரியும்.

இந்த நேரத்தில்தான், இதே முறையில் தொழில் செய்கிற பழவேற்காட்டைப் பார்த்துவர என்னையும் திட்ட அதிகாரி ரொஹானையும் அனுப்பினார்கள். ரொஹான் கொழும்புச் சிங்களவர், பொருளாதாரம் படித்தவர், சட்டை நனைய நனைய வியர்க்கிறவர். அவருக்குத் தமிழ் வராது. நான்தான் வாய்.

பொன்னேரியில் எங்களைக் கூட்டிப்போக ஒருத்தி வந்திருந்தாள். தேவி. முப்பத்தைந்து வயது இருக்கும். நண்டு வியாபாரம், மகளிர் குழுத் தலைவி, காலில் செருப்பில்லை. என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக, "சிலோன்காரங்கன்னா எப்டி இருப்பாங்களோன்னு பாத்துகினே இருந்தேன். நீங்க இன்னாக்கா, எங்க சித்தி மாரியே கீறீங்க!" என்றாள். அந்த நிமிடத்திலிருந்து நான் சரோஜாக்கா ஆனேன்.

பழவேற்காட்டு பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. ரொஹான் எப்படியோ பின்பக்கம் ஓர் இருக்கை பிடித்துவிட்டார். எதிரே இரண்டு பெண்கள் அவரைக் காட்டித் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். என்னவென்று தேவியிடம் கேட்டேன். "'பேன்ட்டு சட்டை போட்டுக்கினு பெரிய ஆபீசரு மாரி கீறாரு, அவரு குந்திகினு இருக்கறது என் கருவாட்டு மூட்டைன்னு யாராச்சும் சொல்லுங்கடி, நொறுங்கிடப் போவுது'ங்குது" என்றாள். நான் சிங்களத்தில் சொன்னேன். மனிதர் துள்ளி எழுந்த வேகத்தில் தலை கம்பியில் இடித்தது. பாதி வழியில் பஸ் புகை கக்கி நின்றது. யாரும் பதறவில்லை. எங்கள் ஊரில் என்றால் இதற்குள் ஒருவர் டிரைவருக்கு அடிக்கப் போயிருப்பார். இங்கே இறங்கி, வயல் வரப்பில் குந்தி, தங்கள் மாமியாரைப் பற்றிக் கதைத்தார்கள். ஒரு அம்மா எனக்கு நாவல்பழம் தந்தார். நெல் வயலுக்கு நடுவில், உப்புக்காற்று தொடங்கும் இடத்தில், நாக்கெல்லாம் ஊதாவாக நின்றுகொண்டிருந்தேன். தவம் பக்கத்தில் நின்றால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். அவருக்கு நாவல்பழம் என்றால் உயிர்.

ரொஹானுக்கு ஊரில் ஒரு விடுதி. எனக்குத் தேவி வீடு. அவள் மகள் பொன்னேரியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், தேவி தனியாகத்தான் இருக்கிறாள். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு மடவை மீன் குழம்பு, இறால் தொக்கு. மீன் என்றால் அதுதான் மீன், வாயில் வைத்ததும் கரைந்தது. ஆனால் புளியும் மிளகாயும் காதுவரை ஏறின. நாங்கள் தேங்காய்ப்பால் விடாமல் மீனை அடுப்பில் ஏற்றமாட்டோம். "தேங்காப்பாலா? மீன்லயா? அய்ய, பாயசமாக்கா அது!" என்று தேவி மூக்கைச் சுளித்தாள். நான் விடுவேனா? நீங்கள் சாம்பாருக்குள் வெல்லம் போடுவது மட்டும் என்னவாம் என்றேன். "அது நாங்க இல்ல, அது ஓட்டல்காரன்" என்றாள்.

சுவரில் ஒரு படம். கோடு போட்ட சட்டை, கொஞ்சம் வெட்கச் சிரிப்பு. மாலை போடவில்லை.

"வூட்டுக்காரரு. சங்கரு. துபாய் பக்கம் போட்ல கீறாரு" என்றாள்.

"என்டவர் குவைத்தில."

"அப்ப ரெண்டு பேரும் போன்லதான் குடும்பம் நடத்துறோம்" என்று சொல்லிவிட்டுத் தேவி எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போயிற்று.

மறுநாள் முகத்துவாரம் பார்க்கப் போனோம். ஏரி கடலோடு சேர்கிற இடம். ஊர்த் தலைவர் ஏழுமலை தன் ஃபைபர் படகில் கூட்டிப்போனார். கட்டைக் குரல், காதோரம் நரை, எதற்கும் அவசரப்படாத ஆள். வடக்கே ராக்கெட் விடுகிற தீவு. ராக்கெட் விடும் நாளில் அந்தப் பக்கம் யாரும் தொழிலுக்குப் போகக்கூடாதாம். "அது ஜோரா மேல போவும், நாங்க வூட்ல குந்திகினு டிவில பாப்போம்" என்றார்.

முகத்துவாரம் நெருங்கியதும் படகு 'சர்ர்' என்று மணலில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அசையவில்லை. கடலின் வாய் என்று எங்களுக்குக் காட்டப்பட்ட இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர்! எல்லோரும் இறங்கித் தள்ளினோம். ரொஹானின் ஒரு சப்பாத்து சேற்றுக்குள் போனது போனதுதான். கையை விட்டுத் துழாவிப் பார்த்தார், ஒரு சிப்பிதான் வந்தது. மிச்சமிருந்த ஒற்றைச் சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த அளவுக்குத் தூர்ந்துபோய்விட்டதா?" என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டார். நான் ஏழுமலையிடம் கேட்டேன்.

"வெட்டுவாங்கம்மா. கொஞ்ச நாள் தண்ணி ஓடும், இறால் உள்ள வரும், நாங்களும் சோறு துன்னுவோம். அப்பால மண்ணு வந்து மூடிக்கும். மறுபடி மனு குடுக்கணும். எங்க நைனா காலத்துலேர்ந்து இதே பேஜாருதான். சுனாமிக்கப்புறம் எந்தெந்த ஊரு பேங்குக்காரனோ வந்தான். கோட்டு போட்டவன், தொப்பி போட்டவன், வெள்ளைக்காரன். எல்லாருக்கும் எளநி வெட்டிக் குடுத்தோம்."

"என்ன சொல்கிறார்?" என்றார் ரொஹான்.

"உங்களுக்கும் இளநீர் உண்டாம்" என்றேன்.

தள்ளித் தள்ளி ஒருவழியாகப் படகு மிதந்தது. எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, ரொஹான் நிபந்தனையைப் பற்றி விளக்கச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். ஒரு நாடு விழுந்து கிடக்கும்போது கடன் கொடுக்கிறவன், எங்கே போட்டால் காசு திரும்பும் என்றுதான் பார்ப்பான். தோண்டின களப்பில் இன்றைக்கு யார் வலை கட்டுகிறார்களோ அவர்களுக்குத்தான் பலன் போக வேண்டும். இல்லாதவனுக்கு இடம் பிடித்து வைத்தால் அது கணக்கில் உதைக்கும்.

ஏழுமலை தலையைச் சொறிந்தார். "இல்லாதவன்னா? செத்தவனா, வெளியூரு போனவனா?"

"வெளியூர் போனவன்" என்றேன். என் குரல் எனக்கே சரியில்லை. ரொஹான் கேட்கச் சொல்லாததையும் சேர்த்துக் கேட்டேன். "உங்கட ஊர்ல வெளிநாடு போனவன்ட பெயரை என்ன செய்வீங்க? வெட்டுவீங்களா?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "உன் வூட்டுக்காரரு எந்த ஊர்ல கீறாரும்மா?" என்றார். சொன்னேன். "நாளைக்குக் காலம்பற பாடு கூட்டம். வந்து குந்து. பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லி எஞ்சினை இழுத்தார்.

அடுத்த நாள் காலை நாஷ்டாவுக்கு இட்லியும் நண்டுக் குழம்பும். இட்லிக்கு நண்டு! எங்கள் ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள். நான்கு இட்லி தின்றுவிட்டு, ஐந்தாவதையும் தின்றுவிட்டு, கோயில் மண்டபத்துக்குப் போனேன். பெண்கள் அந்தக் கூட்டத்தில் உட்காருவதில்லை. விருந்தாளி என்பதால் எனக்கும் ரொஹானுக்கும் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். தேவி உட்பட நாலைந்து பெண்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள்.

ஆம்பிளைகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். சீட்டு எடுத்து இடம் பிரிக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒவ்வொரு பெயராகத் தலைவர் கூப்பிடுவார். ஆள் பதில் சொன்னால்தான் சீட்டு. எங்கள் ஊரிலும் அப்படியே. கேட்கக் கேட்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. யார் எங்கேயிருந்து எங்கே கொண்டுபோனார்களோ, கடலுக்கு இரண்டு பக்கமும் ஒரே பாடு, ஒரே சண்டை.

"தேசிங்கு!"

"கீறேன்."

"முனுசாமி!"

"கீறேன் கீறேன். போன தபா மாரி எனக்குச் சேத்துப் பக்கம் குடுத்துடாத."

"சீட்டு குடுக்குது, நானா குடுக்குறேன்? சங்கரு!"

யாரும் பேசவில்லை. பக்கத்தில் ஒருவன் காதைக் குடைந்துகொண்டிருந்தான், அவன் கையும் நின்றது. ஏழுமலை கொஞ்சம் பொறுத்தார். பிறகு, தானே, குரலை உயர்த்தாமல், "வருவான்" என்றார். சங்கருக்கும் ஒரு சீட்டு எடுத்தார்கள். நல்ல இடம் விழுந்தது. "ஐயே, ஊர்ல இல்லாதவனுக்கு அடிக்கிது பாரு யோகம்" என்று முனுசாமி அலுத்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த பெயர் கூப்பிட்டார்கள்.

அவ்வளவுதான் விஷயம். ஆள் வரும்வரை பெயர் கூப்பிடுவார்கள். பதில் இல்லையென்றால் தலைவர் 'வருவான்' என்பார். அவன் முறை வரும் நாளில் அக்கம்பக்கத்து ஆள் யாராவது வலை கட்டி, விழுந்த இறாலை அவன் வீட்டில் கொடுத்துவிடுவார். இப்படிப் பெயர் கூப்பிடப்பட்டு ஆள் இல்லாதவர்கள் அன்று மூன்று பேர். மூன்று தரமும் 'வருவான்.'

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வெட்கமில்லாமல் முந்தானையால் துடைத்துக்கொண்டேன். ஃபோனில் படம் பிடித்தேன். பாதிப் படம் மண்டபத்துக் கூரைதான்.

ரொஹானுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவருடைய ஒரே மகள், டாக்டருக்குப் படித்தவள், எங்கள் நாடு கையை விரித்த அதே வருடம் ஆஸ்திரேலியாவுக்குப் போனவள். இதைப் பஸ்ஸிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். "இதை எழுதலாம்" என்றார். "'தற்காலிகமாக வெளியில் இருப்பவர்கள்' என்று ஒரு வரி சேர்த்தால் மேலே ஒப்புக்கொள்வார்கள். நான் பேசுகிறேன். உன் கணவரின் பெயரை யாரும் வெட்டமாட்டார்கள்."

நான் அவர் காலில் விழாத குறை. அன்று பகல் முழுக்க எனக்குத் தரையில் கால் படவில்லை. கரையில் காய்ந்த நண்டு வலைகளுக்கு நடுவில் அலைந்தேன். யாரைப் பார்த்தாலும் சிரித்தேன். தூரத்தில் தண்ணீருக்குள் நின்ற பறவைக் கூட்டத்தைப் பார்த்துக்கூடச் சிரித்தேன். தவத்துக்கு உடனே சொல்ல வேண்டும். ஆனால் அவர் வேலையில் ஃபோன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். மறுநாள் அவருக்கு விடுமுறை, காலையிலேயே பேசலாம் என்று மனதுக்குள் வார்த்தைகளை அடுக்கினேன்.

தேவி மட்டும் அன்று என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. வேலை அதிகம் என்று நினைத்துவிட்டேன். சந்தோஷத்தில் இருக்கிறவளுக்குக் கண் தெரியாது.

புறப்படும் நாள் காலை தேவியோடு மீன் ஏலக்கூடத்துக்குப் போனேன். ஒரு பக்கம் இறால் குவியல், ஒரு பக்கம் கத்தல். தேவி ஒரு மூலையில் குந்தி நண்டுகளின் கொடுக்கைச் சணல் நாரால் கட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி ஒருவர் ஐஸ் பெட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அடிக்கொரு தரம் இவளைப் பார்ப்பதும் பார்க்காததுபோல் திரும்புவதுமாக இருந்தார்.

நான் இன்னும் நேற்றைய கூட்டத்திலேயே இருந்தேன். "உங்கட ஊர்ல இருக்கிறவங்க தெய்வம் தேவி. இப்பிடி ஒரு ஊர் எனக்கு வாய்ச்சிருந்தா, அவர் எப்ப வந்தாலும் வரட்டும் எண்டு நிம்மதியா இருப்பன்" என்றேன்.

தேவி நண்டைக் கீழே வைத்தாள்.

"எத்தினி வருசமா அவருக்கு 'வருவான்'னு சொல்றாங்க தெரியுமாக்கா?"

"எத்தனை?"

"ஆறு வருசம். மொத வருசம் போன் வந்துச்சு. துட்டு வந்துச்சு. அப்பால போனும் இல்ல, துட்டும் இல்ல. போட்டு முதலாளியக் கேட்டா 'அவன் வேற போட்டுக்குப் பூட்டான்'ங்கறான். அந்த போட்டுக்காரனக் கேட்டா அப்டி ஒருத்தன் இல்லவே இல்லங்கறான். உசிரோட கீறாரா, செத்தாரா, வேற எவளாச்சும் கூட கீறாரா, ஒண்ணியும் தெரியாது."

தேவி கீழே வைத்த நண்டை எடுத்து நாரைச் சுற்றினாள்.

"ஊரு நல்ல ஊருதான். இல்லன்னு சொல்லல. அந்த இறால்லதான் எம்பொண்ணு படிக்குது. ஆனா ஒவ்வொரு தபா தலைவரு 'வருவான்'னு சொல்ல சொல்ல எனக்கு வவுறு எரியுதுக்கா. ஒரே ஒரு தபா 'வரமாட்டான்'னு சொல்லிட்டாங்கன்னா, நான் அழுவ வேண்டியத அழுதுட்டு எழுந்துருவேன்." அவள் ஐஸ் பெட்டிக்காரர் பக்கம் திரும்பாமலே தாடையால் காட்டினாள். "அவரு சுண்ணாம்புக்குளத்துக்காரரு. சம்சாரம் செத்துப் போச்சு. ரெண்டு வருசமா கேட்டுகினு கீறாரு. நான் இன்னா சொல்லட்டும்? ஊரே 'வருவான்'னு சொல்லும்போது நான் எப்டிப் போவேன்?"

ஏலக்காரன் கத்தினான். பக்கத்துக் கூடையிலிருந்து ஒரு நண்டு தப்பி என் காலடியில் ஓடியது. தேவி எட்டிப் பிடித்துக் கட்டினாள்.

"நீயே போய்த் தலைவரிட்ட சொல்லன்" என்றேன், மெதுவாக.

"சொல்லத்தான் போறேன். இந்தத் தபா சொல்லியே தீருவேன். நேத்து நீங்க அழுதீங்க பாரு, அப்பவே முடிவு பண்ணிட்டேன்." நண்டின் கொடுக்கில் நாரை இறுக்கி முடிந்தாள். "ஆனா ஒண்ணுக்கா. அவரு போன் பண்ணுன காலத்துல, 'துட்டு வந்துச்சா'ம்பாரு. நான் 'வந்துச்சு'ம்பேன். 'பாப்பா நல்லாக்கீதா'ம்பாரு. 'நல்லாக்கீது'ம்பேன். ஊரு அவரு பேர வச்சிகினு கீது, வந்துருவாருன்னு நானும் நெனச்சிகினேன். நான் ஒரு தபாகூட 'வந்துருய்யா'ன்னு சொல்லல."

நான் அங்கிருந்து எழுந்தேன். எங்கே போகிறேன் என்று தேவி கேட்கவில்லை.

படகுத்துறைப் பக்கம் நடந்தேன். மூன்று வருடமாக நானும் தவமும் என்ன கதைத்தோம்? கேஸ் விலை என்ன, கரண்ட் பில் எவ்வளவு, ரூபாய் ஏறிச்சா இறங்கிச்சா, ஏஜென்ட் காசு முடிஞ்சுதா. நிதியமைச்சரும் கடன் கொடுத்தவரும் கதைக்கிற கதையைத்தான் நாங்களும் கதைத்திருக்கிறோம். நாட்டுக்காரர் எல்லோரும் அதைத்தான் கதைத்தோம், வேறென்ன கதைக்க இருந்தது? ஆனால் அந்த மனிதன் பக்கத்தில் இல்லாமல் நான் எத்தனை நாள் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்திருக்கிறேன். அதை யாரிடம் சொன்னேன்? பாடு இருந்தால் வருவார், பாடு இருந்தால் வருவார் என்று ஓடிக்கொண்டே இருந்தேன். கடவுச்சீட்டு எடுத்துக் கடல்கூடத் தாண்டினேன்!

ஃபோனை எடுத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"இந்தியாவில இருந்தா கதைக்கிற? சாப்பிட்டியா? அங்க கறி உறைப்பாமே?"

"உறைப்புத்தான்" என்றேன்.

"போன காரியம் என்ன மாதிரி? இங்க மேனேஜர் ஒப்பந்த ஃபோமைத் தந்திட்டான். பெயரை வெட்டுறாங்க எண்டா சொல்லு, நான் போட்டுக் குடுத்திர்றன். ரெண்டு வருசம்தானே, ஓடிரும்."

சொல்லலாம். பெயரை வெட்டமாட்டார்கள், ரொஹான் வாக்குக் கொடுத்துவிட்டார், கவலைப்படாதீர்கள், உங்கள் பாடு உங்களுக்கே இருக்கும். அடுக்கி வைத்த வார்த்தைகள் அத்தனையும் நாக்கு நுனியில் இருந்தன. அதைக் கேட்டால் அவருக்கு நிம்மதியாக இருக்கும். நிம்மதியோடு அங்கேயே கையெழுத்தும் போடுவார், இடம்தான் இருக்கிறதே, எப்போது வேண்டுமானாலும் போகலாமே என்று. இது ஏன் எனக்கு நேற்றே தோன்றவில்லை?

"வாங்க" என்றேன்.

"என்ன?"

"வாங்க எண்டு சொல்றன். பெயரை வெட்டுறாங்களோ வைக்கிறாங்களோ, எனக்கு அந்தக் கதை வேணாம். கேஸ் என்ன விலைக்கு வித்தாலும் விக்கட்டும். விறகில சமைப்பன். எனக்கு நீங்க வேணும். என்னால இனி ஏலாது. வாங்க."

லைன் அறுந்துவிட்டது என்று ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை. மூச்சுக் கேட்டது. துறையில் ஏழுமலை யாரையோ திட்டிக்கொண்டு படகு தள்ளிக்கொண்டிருந்தார். நான் அழுவதைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் முதுகைக் காட்டிக்கொண்டார்.

"சரோ" என்றார் தவம். கல்யாணமான புதிதில் கூப்பிட்ட பெயர். "நீ சொல்லவே மாட்டியோ எண்டு இருந்தனான்."

அதற்குப் பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும், இங்கேயும் அங்கேயும்.

"பின்கொட்டில்ல என்ட வலை தொங்குதா, இல்லாட்டி எலி திண்டிட்டுதா?" என்று கேட்டார்.

"தொங்குது."

"போனதும் எடுத்து வெயில்ல போடு. கிழிஞ்சிருந்தாக் கைவைக்காத. நான் வந்து பொத்துறன்."